மாயாற்றங்கரையில் ஒரு கூடு

ஜனவரியில் நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மாயாற்றின் கரைக்குப் போயிருந்தேன், வனத்துறை அனுமதியோடு, ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரின் துணையோடு. பாறு கூடு பார்க்கத்தான். (பிணந்தின்னிக் கழுகு என்று சொல்வது எனக்குப் பிடிக்காது, பாறு என்ற நம் பழைய சொல்லே போதும்.) போன வருஷம் ஒரு நீர்மத்தி மரத்தின் உச்சிக் கவட்டில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டியிருந்தது. இந்த முறை அங்கே நாலு குச்சிதான் மிச்சம். பகீரென்றது.

"பயப்படாதீங்க சார், அந்த வளைவுல பாருங்க" என்று காவலர் அண்ணன் கை காட்டினார். கொஞ்சம் தள்ளி இன்னொரு மரம், கிளையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம். தொலைநோக்கியை வைத்தேன், கூட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆணா பெண்ணா தெரியாது, இரண்டும் மாறி மாறித்தான் அடைகாக்கும். அதே ஜோடிதானா என்றும் சொல்ல முடியாது. ஆனால் பழைய மரத்தை மட்டும் பார்த்துவிட்டு "கூடு போச்சு" என்று எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும்.

அதனால்தான் மொத்த எண்ணிக்கையைக் கேட்டதும் துள்ளிக் குதிக்க எனக்குத் தயக்கம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் ஒரே நாட்களில் எடுத்த கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகள், அதே வருஷம் டிசம்பரில் 320. சந்தோஷம்தான். ஆனால் எந்த மாதம் எண்ணினார்கள், எத்தனை இடத்தில் ஆள் நின்றது, அன்றைக்குப் பறவை எந்தப் பக்கம் இரை தேடிப் போயிருந்தது, எல்லாமே அந்த எண்ணை மாற்றும். பாறு வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும், அந்தக் குஞ்சு தானே கூடு கட்ட ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகும். எத்தனை கூட்டில் குஞ்சு பறந்தது என்று ஒவ்வொரு வருஷமும் விடாமல் பார்த்தால்தான் உண்மை நிலவரம் பிடிபடும்.

நாடு முழுக்க 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்துபோனது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் காரணம். அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006-ல் கால்நடைக்குத் தடை வந்தது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போனதால் 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். பாறுக்கு இதே கேடு செய்யும் வலிமருந்துகளான கீட்டோபுரோஃபெனுக்கும் அசிக்ளோஃபெனாக்குக்கும் கால்நடைக்குத் தடை வர 2023 ஆகிவிட்டது, இவ்வளவு தாமதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் மெலாக்சிகாம் என்ற வலிமருந்தைக் கேளுங்கள், அது பாறுக்கு ஆபத்தில்லாதது. புலி அடித்த மாட்டில் விஷம் வைப்பதும் வேண்டாம், அதில் முதலில் சாவது பாறுதான்.

சரி, கூட்டுக்கு வருகிறேன். ஏப்ரலில் மறுபடி போனோம். எதிர்க்கரையில், தூரத்திலிருந்தே பார்த்தோம், கிட்டே போனால் பெரிய பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும். குஞ்சு விளிம்பில் நின்று இறக்கையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தது. அண்ணன் அரைமணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. நான் நோட்டில் தேதி, மரம், "குஞ்சு 1" என்று எழுதிக்கொண்டேன்.