குரோய்டனில் இறங்குபவர்கள் கவனத்துக்கு

உள்துறை அமைச்சின் குடிவரவு அலுவலகமான லூனார் ஹவுஸ் இருக்கும் தெற்கு லண்டன் ஊர் என்பதால், அகதி விண்ணப்பத்தோடு இங்கிலாந்து வந்த தமிழர் பலருக்குக் குரோய்டன் என்ற பெயர் வந்தவுடனேயே பழகிவிட்டது. அந்தக் கட்டடத்துக்குக் கிழக்குக் குரோய்டனில் இறங்கினாலும் மேற்குக் குரோய்டனில் இறங்கினாலும் நடந்தே போய்விடலாம். திரும்பும்போதுதான் குழப்பம். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் பாதைகள் வேறு. விக்டோரியா, லண்டன் பிரிட்ஜ், காட்விக் விமான நிலையம் போகும் விரைவு ரயில்களுக்குக் கிழக்கு. வைட்சாப்பல் பக்கம் போகும் ஓவர்கிரவுண்டு நகர ரயிலுக்கு மேற்கு.

ஊருக்குள் இரண்டு ஸ்டேஷன் வந்ததற்குக் காரணம் இரண்டு கம்பெனிகள். முதல் கம்பெனி நஷ்டத்தில் ஓடிய குரோய்டன் கால்வாயை வாங்கி, 1836இல் அதை மூடி, அதன் தடத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தி 1839இல் ரயில் விட்டது. படகுகள் வந்து நின்ற துறைதான் இன்றைய மேற்குக் குரோய்டன். பிரைட்டன் கடற்கரைக்குப் பாதை போட்ட இரண்டாவது கம்பெனி 1841இல் கிழக்கே தனி ஸ்டேஷன் திறந்தது.

மேற்குப் பாதையில் ஒரு விசித்திரமும் நடந்தது. 1846இல் எஞ்சினே இல்லாமல் ரயில் ஓட்டினார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே இரும்புக் குழாய், அதற்குள் ரயிலோடு இணைந்த பிஸ்டன். வழியோர நீராவிப் பம்புகள் குழாயிலிருந்து காற்றை உறிஞ்ச, பின்னாலிருந்து அழுத்தும் வெளிக்காற்று ரயிலைத் தள்ளும். பிஸ்டனின் கை வெளியே வருவதற்குக் குழாயின் மேல் நீளமான பிளவு. அதைத் தோல் பட்டையால் மூடி, மெழுகும் கொழுப்பும் பூசினார்கள். வெயிலில் பூச்சு இளகியது, காற்று கசிந்தது, பம்புகளும் பழுதாகின. 1847இலேயே கைவிட்டார்கள். மேற்குக் குரோய்டன் பம்பு வீட்டின் கட்டுமானப் பொருட்களைக் கொண்டு எழுந்த பழைய நீரேற்று நிலையம் சர்ரே ஸ்ட்ரீட் சந்தைக்குப் பின்னால் இன்றும் நிற்கிறது. காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஒருதரம் தலை நிமிர்ந்து பார்க்கலாம்.

ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலுக்குப் போக மேற்குக் குரோய்டனே நல்லது. வைட்சாப்பலில் இறங்கி டிஸ்ட்ரிக்ட் அல்லது ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி சுரங்க ரயில் லைன் மாறினால், கட்டணம் கூடிய நகர மையமான முதல் மண்டலத்தைத் தொடாமலே போய்விடலாம். மாறும் இடத்தில் இளஞ்சிவப்புக் கருவியில் ஒய்ஸ்டர் போன்ற கட்டண அட்டையைத் தொடுங்கள். அது கதவைத் திறக்காது, நீங்கள் வந்த வழியைப் பதிவு செய்யும். தொடாவிட்டால் நகர மையம் வழியாகப் போனதாகக் கணக்கிட்டுக் கூடுதலாகப் பிடிக்க வாய்ப்புண்டு.

கிழக்கில் இருப்பவை 6 பிளாட்பாரங்கள். விக்டோரியா, லண்டன் பிரிட்ஜ் பாதைகள் ஸ்டேஷனுக்குச் சற்று வடக்கே, செல்ஹர்ஸ்ட் பக்கம் சந்திக்கின்றன. அங்கே பல இடங்களில் ஒரே மட்டத்தில் ஒரு ரயில் மற்றதன் குறுக்கே கடக்க வேண்டும். ஒன்று பிந்தினால் பின்னால் வருவதெல்லாம் பிந்தும். கடைசி நிமிடத்தில் பிளாட்பாரம் மாறுவதும் உண்டு, ஆகவே அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டே பிளாட்பாரத்துக்கு இறங்குங்கள். விக்டோரியாவிலிருந்து போர்ட்ஸ்மத், போக்னர் போகும் ரயில்களில் பல ஹார்ஷமில் இரண்டாகப் பிரியும். எந்தப் பெட்டியில் ஏற வேண்டும் என்று பலகையிலேயே போட்டிருக்கும். இந்தப் பாதையில் ஒய்ஸ்டர் அட்டை காட்விக் விமான நிலையம் வரைதான். அதையே நம்பிப் பிரைட்டன் வரை போய்ப் பிடிபட்டால் 100 பவுண்ட் அபராதமும் ஒருவழிக் கட்டணமும். 21 நாட்களுக்குள் கட்டினால் அபராதம் பாதி.

விம்பிள்டன் போகும் டிராம் பாதை இவை இரண்டையும்விட மூத்தது. 1803இல் திறந்த சர்ரே இரும்புப் பாதையில் இழுத்தவை குதிரைகள். எல் வடிவ இரும்புத் தகடுகளே வண்டியைத் தடம் விலகாமல் பிடித்தன, சக்கரம் சாதாரணச் சக்கரம்தான். தகடுகளைத் தாங்கக் குறுக்குக் கட்டை போடாமல் இருபுறமும் கற்களைப் பதித்ததால் குதிரை நடுவே தடுக்காமல் நடந்தது. சுங்கம் கட்டினால் யாரும் சொந்த வண்டியை விடலாம். 1846இல் மூடிய அந்தத் தடத்தின் ஒரு பகுதியில் 1855இல் ரயில் வந்தது. 1997இல் அதுவும் நின்று, 2000இல் டிராம் வந்தது.

டிராமில் டிக்கெட் விற்பதில்லை, நிறுத்தங்களில் இருந்த இயந்திரங்களையும் எடுத்துவிட்டார்கள். ஏறும் முன் நிறுத்தத்தில் அட்டையைத் தொட வேண்டும், இறங்கும்போது வேண்டாம். விதிவிலக்கு விம்பிள்டன். அங்கே டிராம் நிற்பது ஸ்டேஷனின் 10ஆம் பிளாட்பாரத்தில். வெளியே போக வாசலில் தொட்டாக வேண்டும். அங்கிருந்து ஏறுவதானால் வாசலில் ஒருமுறை, பிளாட்பாரக் கருவியில் மறுமுறை. இரண்டாவதை விட்டால், ரயிலில் ஏறி எங்கோ தொடாமல் இறங்கிவிட்டீர்கள் என்று கணக்காகி உச்சக் கட்டணம் பிடித்துக்கொள்ளும்.