22 என்ற எண்ணின் கதை

பட்ட மேற்படிப்பில் எங்கள் பேராசிரியர் ஒன்பதே பக்கமுள்ள ஒரு கட்டுரையை நகலெடுத்துக் கொடுத்தார். கனடியப் பொருளியலாளர் ஜான் மெக்காலம் 1995-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் எழுதியது அது. கனடாவின் 10 மாகாணங்களையும் அமெரிக்காவின் 30 மாநிலங்களையும் எடுத்துக்கொண்டு, பொருளாதார அளவும் தொலைவும் ஒன்றாக இருந்தால் எல்லையைத் தாண்டிய வணிகம் எவ்வளவு குறைகிறது என்று 1988-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அவர் கணக்கிட்டிருந்தார். அட்டவணையில் இருந்தது 3.09 என்ற சாதுவான எண்தான். அது இயல் மடக்கை (natural log) அளவு என்பதால் கால்குலேட்டரில் மாற்றிப் பார்த்தேன், 22 வந்தது. பெரும்பாலும் ஒரே மொழி, நல்ல சாலைகள், நட்பு நாடுகள். அப்படியிருந்தும் மாகாணங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்ததைவிடத் தங்களுக்குள் 22 மடங்கு அதிகமாக வணிகம் செய்தனவாம்!

இந்த எண் பொருளியலாளர்களை எட்டு ஆண்டுகள் தூங்கவிடவில்லை. 2003-இல் ஆண்டர்சனும் வான் வின்கூப்பும் விடை சொன்னார்கள். அவர்களின் எடுத்துக்காட்டு இது: சிறிய நாட்டில் 2 பகுதிகள், பெரிய நாட்டில் 100 பகுதிகள் என்றும், ஒவ்வொரு பகுதியும் தன்னையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் அலகு விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எல்லைத் தடையால் இரு நாட்டு வணிகம் 20 விழுக்காடு குறைந்தால், சிறிய நாட்டின் ஒரு பகுதிக்கு, பெரிய நாட்டுக்கு விற்ற 100 அலகுகளில் 20 மிஞ்சும். அவற்றைத் தன் நாட்டின் 2 பகுதிகளுக்கே விற்றாக வேண்டும் என்பதால், 1 அலகாக இருந்த உள்நாட்டு விற்பனை 11 ஆகிவிடும். பெரிய நாட்டிலோ அது 1.004 ஆக நகர்வதோடு சரி. ஆக, 22-இன் பெரும்பகுதி கனடாவின் சிறிய உருவத்திலிருந்து வந்தது. எல்லையால் இரு நாட்டு வணிகம் உண்மையில் குறைந்தது ஏறத்தாழ 44 விழுக்காடுதான் என்றார்கள். அதுவும் சிறிய இழப்பல்ல.

மெக்காலம் அதற்குள் பல்கலைக்கழகத்தையும், கனடாவின் ராயல் வங்கியில் தலைமைப் பொருளியலாளர் பதவியையும் விட்டு அரசியலுக்குப் போயிருந்தார். 2000-இல் நாடாளுமன்ற உறுப்பினர், 2002-இல் பாதுகாப்பு அமைச்சர், 2015-இல் சிரிய அகதிகள் வந்திறங்கிய வேளையில் குடிவரவு அமைச்சர். 2019-இல், சீன நிறுவன அதிகாரி ஒருவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் வழக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதால், அப்போது சீனாவுக்கான கனடியத் தூதராக இருந்த அவரைப் பதவி விலகும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். வணிகத்துக்கு எல்லை எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்று அளந்தவரின் கடைசி அரசுப் பதவி, ஓர் ஆளை எல்லை தாண்டி அனுப்பலாமா என்ற விவகாரத்தில் போயிற்று.

என் மாணவர்களுக்கு நான் இன்றும் முதலில் 3.09-ஐத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். 44 விழுக்காட்டுக்கு அடுத்த வகுப்புவரை காத்திருக்கச் சொல்கிறேன்.