ஆர்க்கிட் பூ நாள்படத் தாங்க

ஆர்க்கிட் பூத்ததும் பலருக்கு முதலில் வரும் கேள்வி, "பூ இன்னும் கொஞ்ச நாள் நிற்க என்ன போடலாம்?" போடுவதற்கு ஒன்றும் இல்லை. எந்த வகைப் பூ எத்தனை நாள் நிற்கும் என்பது பெரும்பாலும் அந்த வகையோடு பிறந்தது. ஃபலனாப்சிஸ் 2 முதல் 4 மாதம் நிற்கும். சிம்பிடியம் 6 முதல் 10 வாரம், டென்ட்ரோபியம் கலப்பினங்கள் 6 முதல் 8 வாரம், வாண்டா ஒரு மாதத்தை ஒட்டி. கேட்லியா இரண்டு, மூன்று வாரத்தில் முடிந்துவிடும். எவ்வளவு பெரிய பூ, எவ்வளவு நல்ல வாசனை, ஆனால் ஆயுள் அவ்வளவுதான். கேட்லியா மூன்றாம் வாரம் வாடினால் யார் மேலும் குற்றம் இல்லை. ஃபலனாப்சிஸ் மூன்றாம் வாரமே வாடினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

எது இயற்கை, எது கோளாறு என்று பூந்தண்டைப் பார்த்தே சொல்லலாம். ஃபலனாப்சிஸில் கீழ்ப் பூதான் முதலில் விரியும், அதனால் வாடுவதும் பெரும்பாலும் கீழிருந்து ஒவ்வொன்றாகத்தான். அப்படி நடந்தால் கவலை வேண்டாம். நாலைந்து பூ ஒரே வாரத்தில் சேர்ந்து தொங்கினாலோ, நுனியில் இருக்கும் மொட்டுகள் மஞ்சளாகி விரியாமலே உதிர்ந்தாலோ, அது நாம் உண்டாக்கியது.

அதிகம் பேர் கவனிக்காத காரணம் எத்திலீன் வாயு. பழம் பழுக்கும்போது வருவது இதுதான். வாழைப்பழம், ஆப்பிள், மாம்பழம், தக்காளி எல்லாமே இதை வெளியிடும். பூத்த ஆர்க்கிட்டை அழகுக்காகச் சாப்பாட்டு மேசையில் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைப்பது அதன் நாளைக் குறைப்பதற்கு நிச்சயமான வழி. மூக்கால் உணர முடியாத அளவே போதும், பூவுக்குத் தெரிந்துவிடும். சரியாக எரியாத அடுப்பு, வண்டிப் புகை, சிகரெட் புகை ஆகியவற்றிலும் எத்திலீன் உண்டு. கேட்லியாவில் இதன் அடையாளம் தெளிவானது. வெளிவரிசை இதழ்கள் நுனியிலிருந்து காய்ந்து காகிதம்போல் ஆகும், உள்ளிதழ்கள் அதுவரை நன்றாகவே இருக்கும். ஃபலனாப்சிஸில் இதழ்கள் முன்பக்கமாக மடங்கி, பூ தூங்குவதுபோல் மூடிக்கொள்ளும், நரம்புகள் கண்ணாடிபோல் தெரியத் தொடங்கும். இந்த நிலைக்கு வந்த பூ திரும்பாது. மிச்சமுள்ள மொட்டுகளைக் காப்பாற்ற இடத்தை மாற்றிக் காற்றோட்டம் கொடுக்கலாம், அவ்வளவுதான். வாடிய பூவும் எத்திலீனை விடும். ஆகவே தொங்கிய பூவைத் தண்டிலேயே விட்டுவைக்காமல் காம்போடு கிள்ளிவிடுங்கள்.

வணிகப் பண்ணைகளில் செடியை வண்டியில் ஏற்றுமுன் 1-எம்சிபி என்ற வாயுவைக் காட்டுவது உண்டு. எத்திலீன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். செடி புதிதாக அத்தகைய இடங்களை உருவாக்கிக்கொண்டே இருப்பதால் பாதுகாப்பு சில நாளுக்குத்தான். வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை இது. கடையில் வாடாமல் நின்ற பூ வீட்டுக்கு வந்து பத்து நாளில் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று புரிந்துகொள்ள உதவும்.

மகரந்தச் சேர்க்கை நடந்தாலும் கதை அதேதான், இம்முறை எத்திலீன் பூவுக்குள்ளிருந்தே வரும். பூவின் நடுவில் குட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தூணின் நுனியைப் பாருங்கள். அரிசி அளவில் ஒரு தொப்பி தெரியும். அதற்கு அடியில் இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருக்கும். அதுதான் மகரந்தம். அதை ஒரு தேனீ எடுத்துத் தூணின் அடிப்பக்கக் குழியில் ஒட்டிவிட்டால், பூவின் வேலை முடிந்தது. ஃபலனாப்சிஸ் ஓரிரு நாளில் தளர்ந்து, பூக்காம்பு தடிக்க ஆரம்பிக்கும். சிம்பிடியத்தில் தொப்பி இடம் பெயர்ந்தாலே போதும், உதடுபோல் இருக்கும் இதழ் சிவக்கத் தொடங்கி, பூ முன்கூட்டியே வாடும். எனவே தூசி தட்டுகிறேன் என்று பூவைத் துணியால் துடைக்காதீர்கள், பிரஷும் வேண்டாம். தேனீ வரும் ஜன்னலோரமானால் வலை இருந்தால் நல்லது.

இனி இடம். பூத்த செடியை இருட்டு மூலையில் வைத்தாலும் நிற்கும் என்பது பாதி உண்மை. எல்லா மொட்டும் விரிந்துவிட்டால் கொஞ்சம் மங்கலான, குளிர்ச்சியான இடம் பூவுக்கு நல்லதுதான். நுனியில் மொட்டு மிச்சமிருந்தால் வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் அவை பட்டாணி அளவிலேயே மஞ்சளாகிவிடும். ஃபலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) போதும். அதை அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் நடுப்பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பார்க்கலாம். நிழலின் ஓரம் மங்கலாக விழுந்தால் சரி. கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் போதாது.

வெப்பம் பகலில் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ், இரவில் 17, 18 இருந்தால் பூ அதன் முழு ஆயுளையும் வாழும். 30-ஐத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் வேகமாக மூப்படையும். அதற்காக ஏசி காற்று நேரே படும் இடத்தில் வைப்பது இன்னும் மோசம். அந்தக் காற்று உலர்ந்தது, மொட்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். ஃபலனாப்சிஸை 15 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள்.

ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாமல் இருப்பது பாதிப் பராமரிப்பு. மொட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் சட்டியைத் திருப்பினால் மறுபடி திரும்ப முயன்று, கடைசியில் பூக்கள் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். தண்டுக்குக் குச்சி கட்டுவதையும் மொட்டு பெருக்குமுன்பே முடித்துவிடுங்கள். முதல் பூ வரப்போகும் இடத்துக்குக் கீழே கடைசிக் கட்டு இருக்கட்டும், அதற்கு மேல் தண்டு தானாக வளையட்டும். தண்ணீர் ஊற்றிய மறுநாள் தண்டு விறைப்பாக இருக்கும், வளைத்தால் முறியும். கட்டுவதானால் அடுத்த தண்ணீருக்குச் சற்று முன்பு கட்டுவது நல்லது.

ஆர்க்கிட்டைக் கெடுக்கும் பெரிய விஷயம் தண்ணீர், அதிலும் அதிகத் தண்ணீர். "வாரம் ஒருமுறை" என்ற கணக்கை நம்பாதீர்கள். மரப்பட்டைத் துண்டில் நட்டது 5 முதல் 7 நாளில் காயும், ஸ்பாக்னம் பாசியில் நட்டது 10, 12 நாள்கூட ஈரம் வைத்திருக்கும். ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சட்டியில் வருகிறது. வேரைப் பார்த்து ஊற்றுவதற்கு இதைவிட வசதி வேண்டாம். நனைந்த வேர் பச்சையாக இருக்கும், காய்ந்த வேர் வெள்ளி பூசியதுபோல் சாம்பல் வெளுப்பாக மாறும். சட்டிக்குள் தெரியும் வேர்களில் பெரும்பாலானவை வெளுத்து, சட்டியின் உள்சுவரில் நீர்த்துளி இல்லை என்றால் ஊற்றலாம். ஊற்றும்போது அடித்துளை வழியாக நன்றாக ஓடும்படி ஒரு நிமிடம் ஊற்றி, 15, 20 நிமிடம் வடியவிட்டு, பிறகுதான் அழகுச் சட்டிக்குள் இறக்க வேண்டும். அந்த வெளிச்சட்டிக்குத் துளை இருக்காது. அதன் அடியில் ஒரு விரல் தண்ணீர் நின்றால் இரண்டு வாரத்தில் கீழ் வேர்கள் பழுப்பாகி, அழுத்தினால் நசுங்கும். ஐஸ் கட்டி வைக்கும் யோசனை எங்கும் சுற்றுகிறது. வெப்பமண்டலச் செடியின் வேருக்கு ஐஸ் எதற்கு? அறை வெப்பத் தண்ணீர் போதும்.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இலை தொய்ந்து சுருக்கம் விழுந்தால் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார்கள். வேர் அழுகினாலும் இலை அப்படித்தான் தொய்யும், ஏனென்றால் தண்ணீர் இருந்தும் உறிஞ்ச வேர் இல்லை. இலை இரண்டுக்கும் ஒரே முகம்தான் காட்டும், ஆகவே வேரைப் பாருங்கள். வேர் வெளுத்துக் கெட்டியாக இருந்தால் தாகம். பழுப்பாகக் குழைந்திருந்தால் அழுகல். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் பூவோடு போராடாமல் தண்டை வெட்டிக் குவளைத் தண்ணீரில் வையுங்கள். அங்கே அது இரண்டு வாரமாவது நிற்கும். செடியை வெளியே எடுத்து, அழுகலை நீக்கி, புது மரப்பட்டையில் நடுங்கள். வேர் நலமாக இருக்கும் செடியை மட்டும் பூ முடியும்வரை சட்டி மாற்றாமல் விடலாம். சட்டியின் நடுவில், வேர்களுக்கு இடையே பாசி உருண்டை ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று விரலால் நெருடிப் பார்ப்பது நல்லது. வெளியே காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருக்கும் சட்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

பூமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஈரம் காயாத இதழில், காற்று அசையாத குளிர்ந்த இரவில், போட்ரைட்டிஸ் பூஞ்சை வந்து ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகளை விட்டுப்போகும். புள்ளி விழுந்த பூவைக் கிள்ளி எறியுங்கள், சின்ன விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் போதும். கூழாங்கல் தட்டு எல்லோரும் சொல்வது, ஆனால் அதனால் ஏறும் ஈரம் சொற்பம். நாலைந்து செடிகளை நெருக்கி வைப்பது அதைவிடப் பலன் தரும்.

உரம் பூவுக்கு அல்ல, அடுத்த இலைக்கும் வேருக்கும். பொதியில் லிட்டருக்கு 2 கிராம் என்று போட்டிருந்தால் அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் வெறுந்தண்ணீர் ஊற்றி வேரை நனைத்த பிறகு. அதிக உப்பு வேர்நுனியைக் கருக்கும், கருகிய வேர் தண்ணீர் எடுக்காது, மொட்டு உதிரும். "பூ பூஸ்டர்" என்ற பெயரில் பாஸ்பரஸ் கூடிய உரங்கள் விரிந்த பூவை ஒரு நாள்கூட நீட்டாது.

தண்டிலும் மொட்டடியிலும் தெளிவான பிசுபிசுப்புத் துளி தெரிந்தால் உடனே மருந்தடிக்காதீர்கள். செடியே சுரக்கும் தேன் துளியாக இருக்கலாம். கணுவின் செதிலுக்கு அடியில் பஞ்சுபோல் வெள்ளை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து, இருந்தால் மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் அதை மட்டும் தொட்டு எடுங்கள், இதழில் படக் கூடாது. எண்ணெய்க் கரைசல், சோப்புக் கரைசல் இரண்டையுமே பூமேல் தெளித்தால் கறை விழும்.

ஃபலனாப்சிஸின் கடைசிப் பூ விழுந்ததும் தண்டு இன்னும் பச்சையாக இருந்தால் இரண்டாம் சுற்றுக்கு வாய்ப்பு உண்டு. அடியிலிருந்து கணுக்களை எண்ணுங்கள். மூன்றாவது கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டினால், 8 முதல் 12 வாரத்தில் அந்தக் கணுவிலிருந்து கிளைத் தண்டு வரலாம். பூ சற்றுச் சிறியதாகவே இருக்கும். இலை மூன்றுக்குக் குறைவாக உள்ள செடியிடம் இதைக் கேட்காமல் தண்டை அடியோடு எடுத்துவிடுங்கள். கத்தரியைச் சுடரில் காட்டி, ஆறவிட்டு, ஒரு செடிக்குப் பிறகு இன்னொரு செடிக்குப் போகுமுன் மறுபடி சுடுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது பெரும்பாலும் இந்தக் கத்தரி வழியாகத்தான், அதற்கு மருந்து கிடையாது.

இந்தக் கணு வெட்டு ஃபலனாப்சிஸுக்கு மட்டும். ஒன்சிடியம், சிம்பிடியம், கேட்லியாவில் காய்ந்த தண்டை அடியில் நறுக்கிவிடலாம். டென்ட்ரோபியத்தில் பூ வந்த காம்பை மட்டும் எடுங்கள். தடித்த கரும்புபோன்ற தண்டு இலை இழந்து மொட்டையாக நின்றாலும் தொடாதீர்கள், செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது, சில வகைகள் அதே மொட்டைத் தண்டில் மறு வருடமும் பூக்கும். ஃபலனாப்சிஸ் பெல்லினா, வயோலேசியா போன்ற இனங்களில் பச்சையாக நிற்கும் பழைய தண்டையே வெட்டக் கூடாது. அதன் நுனியிலிருந்தே அடுத்தடுத்து ஒவ்வொரு மொட்டாக வந்துகொண்டிருக்கும்.