கேம்பியர், ஒஹாயோ, அமெரிக்கா. பிப்ரவரி

பிப்ரவரி 3

பனி. வாசல்படி கூடத் தாண்டவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு ரத்த அழுத்தம் காலை 138/88. மாலை 142/90. கால் வீக்கம் அப்படியேதான்.

பிப்ரவரி 4

மாப்பிள்ளை வகுப்புக்குப் போகும்போது என்னையும் உடன் அழைத்துப் போனார். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் நான் எல்லோரையும் படுத்துகிறேனாம். இவள் சொல்லிக்கொடுத்த வார்த்தையாகத்தான் இருக்கும்.

ஊரின் நடுவே சரளைக்கல் பாதை ஒன்று நேர்கோடாக ஓடுகிறது. மிடில் பாத் என்கிறார்கள். அதன் தெற்குக் கோடியில் ஓல்ட் கென்யன். கென்யன் கல்லூரிக்கு 1827இல் அடிக்கல் நாட்டிய மாணவர் விடுதி. கனத்த கற்சுவர், மேலே ஊசிக் கோபுரம். கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நாம் 1857ஐ முதல் சுதந்திரப் போர் என்கிறோம்; அதற்கு முப்பது வருடம் முன்பே இந்தக் காட்டுக்குள் கல்லடுக்கி இருக்கிறார்களே என்று வியந்து நின்றேன்.

"மாமா, இது பழைய கட்டடம் இல்லை. 1949இல் எரிந்துவிட்டது. அதே மாதிரி திரும்பக் கட்டினார்கள்" என்றார் மாப்பிள்ளை, வாட்சைப் பார்த்துக்கொண்டே.

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 6

தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளையின் கணினியில் தேடித் தேடிப் படித்தேன்.

1949 பிப்ரவரி 27, ஞாயிறு, விடிவதற்கு முன். ஒன்பது மாணவர்கள். கீழ்த்தளத்துக் கணப்படுப்பிலிருந்து கிளம்பிய பொறி, புகைபோக்கியில் இருந்த பழுதின் வழியாக உள்ளே புகுந்து மரத்தைப் பற்றியதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் அது தரைப்பலகைக்கு அடியிலும் சுவர் இடுக்கிலும் நெடுநேரம் ஒளிந்து வளர்ந்திருக்கும். பத்தடி உயரத்துக்குக் கொழுந்து விட்டு எரிகிற தீக்கு நான் என்றுமே பயந்ததில்லை. அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஒளிந்து வருவதுதான் ஆளைத் தின்னும். அது கதவைத் தட்டும்போது படிக்கட்டு ஏற்கெனவே போயிருக்கும்.

வெளியே கல், உள்ளே முழுக்க மரம். கல் எரியாது என்று பார்க்கிறவர்களுக்கு ஒரு தைரியம். உள்ளே பற்றிக்கொண்டால் அந்தக் கற்சுவரே சூளைச் சுவராகிவிடும், படிக்கட்டுக் கிணறு புகைபோக்கியாகிவிடும்.

மகள் மாடி அறையில் படுத்திருக்கிறாள். இந்த வீட்டுக்கு ஒரே படிக்கட்டு.

பிப்ரவரி 7

144/92. உப்பைக் குறைக்கச் சொன்னதை இவள் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.

பிப்ரவரி 9

மாடி ஜன்னல் திறக்கவில்லை. பல தடவை பெயின்ட் அடித்து, சட்டமும் நிலையும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கிறது. காய் நறுக்கும் கத்தியை எடுத்து இடுக்கைச் சுரண்டினேன். முதலில் வெள்ளை, அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே ஏதோ சந்தன நிறம், கடைசியில் மரம். சுருள் சுருளாக உரிந்து மடியில் விழுந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று மாப்பிள்ளை பதறி ஓடி வந்தார். அதுவும் நியாயம்தான். மகளைக் கீழே உட்கார வைத்துவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து முடித்தேன்.

ஜன்னல் இப்போது முக்கால் அளவு திறக்கிறது. குளிர் உள்ளே பாய்ந்ததும் மகள் சிரித்தாள். "அப்பா, இந்த வயிற்றோடு நான் ஜன்னல் வழியாகவா குதிப்பேன்?"

கட்டிலைக் கீழே இறக்கிவிடலாம் என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

இவள் ரசத்துக்கு மிளகாய் தாளித்தாள். புகையுணர்வுக் கருவி ஊரே எழும்படி அலறியது. விசிறிக்கொண்டே என்னைத் திட்டினாள், நான்தான் போன வாரம் அதற்குப் புது பேட்டரி போட்டவன் என்பதால். நன்றாக வேலை செய்கிறது. எனக்குச் சந்தோஷம்.

மேலே அறைவாசலில் இன்னொன்று மாட்டச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை சரி என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார்.

பிப்ரவரி 13

140/90. சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 15

இரவு சாப்பிடும்போது மாப்பிள்ளை பேய்க்கதை சொன்னார். மகளைச் சிரிக்க வைக்கத்தான்.

திரும்பக் கட்டியபோது தளங்களின் உயரம் பழையபடி அமையவில்லையாம். புதுத் தரை கொஞ்சம் மேலே ஏறிவிட்டதாம். இறந்த பையன்கள் இன்னும் தங்கள் பழைய தரையில்தான் நடக்கிறார்கள், அதனால் அவர்களை முழங்காலுக்கு மேல்தான் பார்க்க முடியும் என்பது மாணவர்களிடையே உலவும் கதை. மகள் சிரித்தாள். இவள் "வயிற்றுப்பிள்ளைக்காரி எதிரில் என்ன பேச்சு இது" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகை நிறைந்த அறையில் நிற்காதே, தவழ்ந்து போ என்று எத்தனை பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்துக் காட்டியிருக்கிறேன். சூடான புகை மேலே ஏறும். மூச்சு விடக்கூடிய காற்று முழங்காலுக்குக் கீழேதான் மிஞ்சும். கதையில் அந்தப் பையன்களுக்கு அந்தப் பகுதிதான் இல்லை. இதைக் கட்டிவிட்டது யாராக இருந்தாலும் இதை யோசித்திருக்க மாட்டான். நான் ஏன் யோசிக்கிறேன்?

பிப்ரவரி 16

நேற்று எழுதியதை இவள் படித்துவிட்டாள். கோபம்.

பிப்ரவரி 18

வெயில். மறுபடியும் ஓல்ட் கென்யன் வரை நடந்தேன். திரும்பக் கட்டும்போது பழைய கற்களையும் சேர்த்தார்களாம். இரும்புச் சத்துள்ள கல் தீயில் வெந்தால் செம்மை தட்டும்; அப்படி ஏதாவது தெரிகிறதா என்று சுவரைச் சுற்றி வந்தேன். ஒரு மூலையில் தெரிந்த மாதிரி இருந்தது. பனி உருகிய ஈரமாகவும் இருக்கலாம். உள்ளேயிருந்து ஒரு பையன் அரைக்கால் சட்டையோடு வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டான். எத்தனை வழி இருக்கிறது வெளியே வர என்று கேட்டேன். பயந்துபோய்விட்டான் பாவம், எனக்கு வழி தெரியவில்லை என்று நினைத்துக் கைகாட்டினான்.

நடிகர் பால் நியூமன் 1949இல் இங்கே பட்டம் பெற்றவர். மாப்பிள்ளை இதைப் பலமுறை சொல்லிவிட்டார். அப்படியானால் அவரும் அந்தக் காலையில் இந்த ஊரில் இருந்திருப்பார். நடிகரின் பெயர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த ஒன்பது பெயர்களை நிறுத்தி நிறுத்தி ஒருமுறை வாசித்தேன். உச்சரிப்பு வரவில்லை, மனதில் தங்கவும் இல்லை.

பிப்ரவரி 20

150/98. டாக்டர் ஃபோன் செய்தார். இனி மாடி ஏறி இறங்கக் கூடாது. கட்டில் கீழே வந்துவிட்டது! இதற்குச் சந்தோஷப்பட்டதைப் பார்த்து இவள் என்னை முறைத்தாள்.

இரவு. காலியான மாடி அறையில் நான் படுத்துக்கொண்டேன். சுவரைத் தட்டினால் உள்ளே வெற்று ஓசை. இந்தப் பக்கத்துப் பழைய மரவீடுகளில் சுவர்ச்சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும், நடுவில் தடுப்பே இருக்காது என்று படித்தேன். கீழே பற்றினால் மாடிக்குச் சேதி போவதற்கு முன் கூரைக்குப் போய்விடும்.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தண்ணீரும் சாம்பலும் கலந்த சேற்றில் பழைய புத்தகங்களின் அட்டைகள் மிதந்தன. அதைப் பற்றி யார் கேட்டாலும் மணிக்கணக்காகச் சொல்வேன்.

கும்பகோணத்தைப் பற்றிச் சொல்வதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 21

ஒன்றுமில்லை. 148/96.

பிப்ரவரி 24

தலைவலி என்கிறாள். கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதா என்று இவள் அரைமணிக்கு ஒருமுறை கேட்கிறாள். கேட்டுக் கேட்டே அந்தப் பெண்ணுக்குப் பறந்துவிடும்.

இருபத்தேழாம் தேதி விடியற்காலை அந்தக் கட்டடம் வரை போய்வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

விடியற்காலை 164/108. காரில் எழுதுகிறேன், கை ஆடுகிறது. மாப்பிள்ளை வேகமாக ஓட்டுகிறார். பாதையில் உப்பு போட்டிருக்கிறார்கள், வழுக்கவில்லை.

பிப்ரவரி 28

வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஏற்றுகிறார்கள். உடம்பெல்லாம் கொதிக்கிறது என்கிறாள். இவள் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். என்னை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வழித்தடத்தில் இரண்டு படிக்கட்டு. கிழக்கே ஒன்று, மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒன்று. கிழக்குப் படிக்கட்டின் கதவை அடைத்துக்கொண்டு துணிகள் ஏற்றிய தள்ளுவண்டி. நர்ஸிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை, பிறகு மன்னிப்புக் கேட்டு நகர்த்தினாள். நல்ல பெண்.

நாளை காலை ஏழு மணிக்கு எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். மாதம் போதாது, ஆனால் காத்திருக்க முடியாதாம். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

இரவு பத்து மணி. தள்ளுவண்டி மறுபடியும் கதவுக்கு எதிரிலேயே நிற்கிறது. வேறு நர்ஸ். போய்ச் சொல்ல வேண்டும்.