முதலில் ரோலர் கோஸ்டர்

கும்பகோணத்திலிருந்து இரவுப் பேருந்து பிடித்துச் சென்னைக்கு வரும் நம் டெல்டா மக்கள் பலர், தீம் பார்க் என்றாலே தண்ணீரில் ஆடுவதுதான் என்று எண்ணிப் பாதி நாளை அலைக்குளத்திலேயே கழித்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஒரு பூங்காவின் உயிர் அதன் ரோலர் கோஸ்டரில்தான் இருக்கிறது.

2025 டிசம்பரில் திறக்கப்பட்ட சென்னை வொண்டர்லா பூங்காவில் நம் தஞ்சையை நினைவூட்டும் பெயருடன் ‘தஞ்சோரா’ என்ற ரோலர் கோஸ்டர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மபில்லார்ட் நிறுவனத்தின் ஆக்கம். 1992இல் சிகாகோ அருகே முதன்முதலாக ஓடிய இந்த வகையில் தண்டவாளம் தலைக்கு மேலே செல்லும், கால்கள் அந்தரத்தில் தொங்கும். உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டபின் இயந்திரம் தள்ளுவதில்லை, புவியீர்ப்பே ஓட்டுகிறது.

முன்வரிசைக்காகக் காத்துக் கிடப்பவர்களே, கடைசி வரிசையையும் ஒருமுறை பாருங்கள்: முன்பெட்டிகள் ஏற்கெனவே சரிவில் பாய்ந்துவிட்டதால், பின்னால் இருப்பவர் உச்சியைக் கடக்கும்போதே வேகமாக இழுக்கப்படுவார். காட்சிக்கு முன்வரிசை, அந்த இழுப்புக்குப் பின்வரிசை, என் ஓட்டு அதற்கே.

கதவு திறந்ததும் நேராக அங்கே செல்லுங்கள். குளத்துக்கு மதியம் போய்க்கொள்ளலாம்.