பள்ளிகொண்டாவில் ஒரு சின்ன நாள்

ஜனவரி 21, 2025, செவ்வாய். வேலூர்

வேதாரண்யத்தில் சைக்கிளில் கிளம்பி இன்றோடு ஏழு நாள். காலை ஐந்தரைக்கு வந்தவாசியை விட்டோம். ஆரணி வரை மாமாதான் முன்னால் போனார். கண்ணமங்கலம் தாண்டியதும் பின்தங்க ஆரம்பித்தார். இரண்டு தடவை நின்று காத்திருந்தேன். கேட்டால், "காத்து வாங்கிட்டு வரேன்டா" என்றார். வேலூர்க் கோட்டை அகழியோரம் இறங்கும்போது வலது காலை ஊன்றத் தயங்கினார். அப்போதுதான் முழங்கால் என்று தெரிந்தது.

நாளைக்கு வாணியம்பாடி என்பது திட்டம். இரவு இட்லி சாப்பிடும்போது, "பள்ளிகொண்டாவோட நிறுத்திக்கலாம் மாமா" என்றேன். இங்கிருந்து 23 கிலோமீட்டர்தான். அங்கே அவரோடு வேலை பார்த்த பழைய நண்பர் வீடு இருக்கிறது.

"எனக்காகவா?"

"எனக்கும்தான். மாடிப்படி ஏறினா தொடை நடுங்குது."

அது உண்மைதான். ஏழு நாளில் ஒரு நாள்கூடக் கால்களுக்கு ஓய்வு தரவில்லை.

ஜனவரி 22, புதன். பள்ளிகொண்டா

ஏழு மணிக்கு எழுந்தோம். வெளிச்சம் வந்த பிறகு கண் விழிப்பது இந்தப் பயணத்தில் இதுதான் முதல் தடவை.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு மெதுவாக நடந்தோம். நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில், ராஜா இல்லா கோட்டை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. கோயிலைப் பற்றிய பகுதி 1981-லேயே பொய்யாகிவிட்டது. அந்த வருடம்தான் லிங்கத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அகழியில் மேகம் தெரிந்தது. மாமா அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அரை மணியில் நான் சைக்கிள்களைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டயர்களில் குத்தியிருந்த கண்ணாடித் துகள்களை எடுத்தேன். மாமாவின் சீட்டுக் குழாயில் வேதாரண்யத்தில் அடையாளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். அந்த டேப்பைக் காணோம்! குனிந்து பார்த்தால் சீட் இரண்டு விரற்கடை இறங்கி, டேப் சட்டத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. கிளாம்ப் தளர்ந்து, மேட்டிலும் பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. சீட் தாழ்ந்தால் கால் முழுதாக நீளாது. மிதிக்கும்போதெல்லாம் பாரம் முட்டியின் முன்பக்கம் விழும். மாமா வலிக்கிறது என்று கைவைத்துக் காட்டியதும் அதே இடம்தான்.

அவரை உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும்வரை சீட்டை ஏற்றினேன். பக்கத்துச் சைக்கிள் கடையில் புது போல்ட் போட்டு முறுக்கினோம். அவசரமாகக் கிளம்பியிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன். அவரும் வாணியம்பாடி வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருப்பார். அதை நினைக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் விரிஞ்சிபுரம். 14 கிலோமீட்டர்தான். வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளிவிட்டது. அங்கே இருக்கும் சாமியின் பெயரே மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர். காஞ்சிபுரம் போன மிளகு வணிகர் ஒருவருக்கு வீரனாக வந்து துணை நின்றார் என்பது கோயிலின் கதை. திருடர் பயத்தோடு மூட்டை சுமந்து நடந்தவர்களுக்கு இப்படி ஒரு சாமி தேவைப்பட்டிருக்கும். மாமா கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். வேண்டிக்கொண்டது என்ன என்று நான் கேட்கவில்லை.

விரிஞ்சிபுரம் மதிலழகு என்பார்கள். உயரமான அந்த மதிலை ஒட்டி நிழலிலேயே சுற்றி வந்தோம். பிரகாரத்தில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் பொறித்த கல். பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். என் கடிகாரத்தில் மணி 11. நிழல் பத்தரையைத் தாண்டிக் கொஞ்சம்தான் போயிருந்தது. கல்லின் மேல் தப்பில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. வேலூர் 79 பக்கம். டிகிரிக்கு 4 நிமிடம் என்று பார்த்தால் 14 நிமிடம் போகிறது. ஜனவரி கடைசியில் சூரியனே பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிந்தும். எல்லாம் சேர்த்தால் சரியாகவே வருகிறது. சைக்கிளில் போகிறவனுக்கு இந்தக் கல்லின் நேரம்தான் பொருத்தம் என்று தோன்றியது. வெயில் ஏறுவதும் இறங்குவதும் அதன்படிதானே!

வெளியே ஒரு அம்மா முள்ளு கத்தரிக்காய் வைத்திருந்தார். இலவம்பாடி ரகம், காம்பில் கை வைத்தால் குத்தும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய்.

"எங்கேர்ந்துபா வரீங்கோ?"

"வேதாரண்யம்மா."

"அது எங்க கீது?"

கடற்கரை, உப்பளம் என்று மாமா சொல்லச் சொல்ல, அந்த அம்மா எடை போட்ட பிறகு கையளவு காயை மேலே அள்ளிப் போட்டார். காசு வாங்கவில்லை.

நண்பர் வீட்டில் அந்தக் காயிலேயே எண்ணெய்க் கத்தரிக்காய். மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன். விதை அதிகமில்லாத, வெண்ணெய் மாதிரி குழைகிற சதை. சாப்பிட்டுத் திண்ணையில் படுத்தவன் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். பெருமாள் பள்ளிகொண்டதால் வந்த பெயர் இந்த ஊருக்கு. நன்றாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாலையில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, பக்கத்திலேயே பாலாற்றில் இறங்கினோம். மணலும் சீமைக்கருவேலமும்தான் நிறைய. நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்குத் தெளிந்த நீர். நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் தாண்டி வருகிற ஆறு. 2021 நவம்பரில் கரை தெரியாமல் ஓடியதை நண்பர் கையை அகல விரித்துக் காட்டினார். மாமா வேட்டியை மடித்துக்கொண்டு முட்டியை நீரில் நனைத்தபடி நின்றார். சூரியன் போகும்வரை யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 23, வியாழன். மாதனூர், டீக்கடை

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மாமா முன்னால் போகிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து சீட்டுக் குழாயைப் பார்க்கிறேன், டேப் போட்ட இடத்திலேயே இருக்கிறது. டீ வந்ததும், "மாமா, முட்டி?" என்று கேட்டேன்.

"ஆம்பூர்ல பிரியாணிக் கடை எத்தனை மணிக்குத் திறப்பான்னு பாரு" என்றார்.