தள அலையில் முப்பது

பிப்ரவரி 3
துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டுக்குக் காலவெளி பத்துப் பரிமாணம். அது சமதளமாக இருந்தால் அதன் சமச்சீர்மைகள் (அதை மாற்றாமல் விடும் நகர்த்தல்களும் சுழற்றல்களும்) 55: இடப்பெயர்ச்சி 10, லோரன்ட்ஸ் சுழற்சிகள் (காலத்தையும் சேர்த்துச் சுழற்றுபவை) 45. வெளி வளைந்தால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. நான்கு பரிமாண ஷ்வார்ஷில்ட் கருந்துளைக்கு மிஞ்சுவதே நான்குதான். ஐந்து பரிமாண எதிர்-டி சிட்டர் வெளியும் (எங்கும் ஒரே அளவில் எதிர்க்குறியாக வளைந்தது) ஐந்து பரிமாணக் கோளமும் சேர்ந்த பின்புலம் அப்படியில்லை. ஆளுக்கு 15, மொத்தம் 30. மீச்சீர்மை (போசான்களையும் ஃபெர்மியான்களையும் ஒன்றோடொன்று மாற்றும் சமச்சீர்மை) 32, சமதள வெளியில் இருப்பதும் அதே 32.

பிப்ரவரி 5
பென்ரோஸ் 1976இல் காட்டிய வழி: ஒளி போகும் பாதை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் அக்கம்பக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், எந்தக் காலவெளியும் கடைசியில் தள அலையாகிவிடும், அதாவது ஒளிவேகத்தில் ஒரே திசையில் போகும் ஈர்ப்பலை போன்ற காலவெளியாக. கோளத்தின் பெருவட்டத்தில் சுற்றும் ஒளிக்கதிரை எடுத்துக்கொண்டால் கிடைப்பது, ப்ளாவ், ஃபிகுவேரா-ஓ'ஃபாரில், ஹல், பாபடோபுலோஸ் நால்வரும் 2001இல் கண்ட தள அலை. இதிலும் மீச்சீர்மை 32.

பிப்ரவரி 6
இன்று முழுக்கக் கில்லிங் திசையன்கள்தான், அதாவது இந்தத் தள அலையின் சமச்சீர்மைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. மெட்ரிக்கில் (தூரத்தை அளக்கும் சூத்திரத்தில்) எட்டுக் குறுக்குத் திசைகளும் ஒன்றுபோலவே நிற்கின்றன. அதை மட்டும் பார்த்தால் எட்டையும் இஷ்டப்படி சுழற்றலாம், 28 சுழற்சிகள். ஆனால் பின்புலத்தில் ஐந்து-வடிவப் புலமும் (மின்காந்தப் புலத்தின் உயர்பரிமாண உறவு) இருக்கிறதே! அது எட்டை நாலும் நாலுமாகப் பிரித்துவிடுகிறது. பக்கத்துக்கு 6 சுழற்சி, ஆக 12. இரண்டு ஒளித்திசை (காலமும் அலை போகும் திசையும் கலந்த திசை) இடப்பெயர்ச்சிகளைச் சேர்த்தால் 14.

பாக்கி 16 எங்கே? குறுக்கே நேராக நகர்த்தினால் மெட்ரிக் மாறிவிடுகிறது, ஏனென்றால் அதில் தூரத்தின் வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது. நகர்த்தும் அளவையே ஒளிக்காலத்தோடு (ஒளித்திசை ஒன்றையே காலமாக எடுத்து) கொசைனாகவோ சைனாகவோ ஆடவிட்டு, இன்னொரு ஒளித்திசையிலும் ஈடுகட்டினால் மெட்ரிக் அப்படியே நிற்கிறது. திசைக்கு இரண்டு, எட்டுத் திசைக்கு 16. சரி, மறுபடியும் 30! இயற்கணிதம் மட்டும் வேறு: இந்தப் பதினாறும் ஹைசன்பெர்க் வகை, குவாண்டம் இயக்கவியலின் இடமும் உந்தமும் போல இணை இணையாக வருபவை. வளைவு இடப்பெயர்ச்சியை அழிக்கவில்லை, ஊசலாட வைத்திருக்கிறது. இதைவிட அழகான கணக்கு நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 9
அதே ஊசல் இழையிலும் தெரிகிறது. ஒளிக்கூம்பு அளவையில் (ஒளிக்காலத்தையே இழையின் கடிகாரமாக வைத்தால்) எட்டுத் திசைகளும் நிறையுள்ள தனித்தனி ஊசலிகளாகிவிடுகின்றன. சமதளத்தில் n-ஆவது அதிர்வின் அதிர்வெண் வெறும் n. இங்கே n வர்க்கத்தோடு நிறையின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சமதளத்தில் இழையின் நிறைமையம் தன்பாட்டில் மிதந்து போகும். இங்கே n பூஜ்யமானாலும் அதிர்வெண் பூஜ்யமாவதில்லை, மையமும் கட்டுண்டு ஆடுகிறது.

அப்புறம் 2002. இதே வர்க்கமூலத்தைப் பெரன்ஸ்டைன், மல்டசேனா, நஸ்டாசே மூவரும் ஈர்ப்பே இல்லாத நான்கு பரிமாண மீச்சீர் யாங்-மில்ஸ் கோட்பாட்டில் (துகள் விசைகளை விவரிக்கும் வகைக் கோட்பாடு), மிகப்பெரிய R-ஏற்றமுள்ள (கோளச் சுழற்சிக்கு இணையான எண்) செயலிகளின் அளவிடைப் பரிமாணத்திலிருந்து (நீள அளவை மாற்றினால் செயலி எப்படி மாறும் என்பதைச் சொல்லும் எண்) அந்த ஏற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவதாகப் படித்துக் காட்டினார்கள். நாளை அந்தப் பக்கத்திலிருந்து, அந்த எண்ணுக்கு இடைவினை தரும் முதல் திருத்தத்தைக் கையால் போட்டுப் பார்க்கப்போகிறேன்.